எச்7இல் மந்திரியைக் கொடுத்த பின்னும் கறுப்பு ராஜா இ7இல் தப்புகிறது – வழி என்ன?

கேள்வி (வெள்ளவத்தை):
வணக்கம். பாடசாலைச் சதுரங்கப் போட்டிக்கு ஆயத்தமாகும் என் மகளுக்குப் பயிற்றுநர் தந்த புதிர் இது; வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி டி1, கோட்டைகள் ஏ1, எஃப்1, மந்திரிகள் சி1, டி3, குதிரை எஃப்3, சிப்பாய்கள் ஏ2, பி2, சி3, டி4, இ5, எஃப்2, ஜி2, எச்2.
கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, கோட்டைகள் ஏ8, எஃப்8, மந்திரி டி7, குதிரைகள் பி6, சி6, சிப்பாய்கள் ஏ7, பி7, சி4, டி5, இ6, எஃப்7, ஜி7, எச்7.

சி4 சிப்பாய் எங்கள் மந்திரியைத் தாக்கி நிற்கிறது. அதைப் பின்வாங்காமல் எச்7ஐ வெட்டி, ராஜா அதை வெட்டியதும் குதிரையால் ஜி5இலிருந்து செக் கொடுத்து, ராஜா ஜி8க்குத் திரும்பிய பின் ராணியை எச்5இல் நிறுத்துவது வரை மகளுக்கும் எனக்கும் ஐயமில்லை. அப்போது கறுப்பு கோட்டையை இ8க்கு நகர்த்தி எஃப்8ஐத் திறந்துவிடுகிறது. எச்7, எச்8 என்று ராணி செக் கொடுத்து விரட்டினாலும் ராஜா இ7இல் போய் நிற்கிறது. அதன் பிறகு ஜி7 சிப்பாயை வெட்டினால் அது செக்கே இல்லை. கணினி விடையைச் சொல்லிவிடும். மகளுக்குக் காரணத்தையும் விளக்க விரும்புகிறேன்.

பதில் (கொட்டாஞ்சேனை):
அம்மா, நீங்கள் வந்த வழி சரியானது. ஜி7இல் நிற்கும் ராணிக்கும் இ7இல் நிற்கும் ராஜாவுக்கும் நடுவே எது இருக்கிறது என்று மகளிடம் கேளுங்கள். கறுப்பின் சொந்த எஃப்7 சிப்பாய்தான் அங்கே ராஜாவைக் காக்கிறது. ஆகவே கோட்டை இ8க்கு வந்தவுடன் ராணியால் முதலில் எஃப்7ஐ வெட்டி செக் கொடுங்கள். ஜி5 குதிரை துணை நிற்பதால் ராஜாவால் ராணியை வெட்ட முடியாது, எச்8க்குத்தான் போக முடியும். பிறகு ராணி எச்5க்குத் திரும்பி செக், ராஜா ஜி8. எச்7இல் செக், ராஜா எஃப்8. எச்8இல் செக், ராஜா இ7. இப்போது ஜி7ஐ வெட்டினால் செக்மேட். டி6, எஃப்6 இரண்டையும் இ5 சிப்பாய் அடைத்திருக்க, டி7, டி8, இ6, இ8 நான்கிலும் கறுப்பின் காய்களே நிற்கின்றன. முன்னே பாய வேண்டிய வேளையில் ஒரு சிப்பாய்க்காக ராணி போய்த் திரும்புவது வீண் போலத் தோன்றும். இந்தப் புதிரின் அழகே அதுதான் என்பேன். இந்த மந்திரிப் பலி 1620 அளவில் இத்தாலியச் சதுரங்க ஆட்டக்காரரான கிரேக்கோவின் கையேட்டிலேயே இருக்கிறது.

பதில் (தெகிவளை):
மற்றக் கிளைகளையும் மகள் பார்த்திருக்க வேண்டும். குதிரை செக் கொடுத்ததும் ராஜா எச்6க்கு ஏறினால், குதிரை இ6ஐ வெட்ட, சி1 மந்திரியின் செக் திறந்து டி8 ராணி பறிபோகும். கறுப்பு ராணியே ஜி5ஐ வெட்டினால் மந்திரி அதை வெட்டும். ஒரு மந்திரிக்கும் குதிரைக்கும் ஈடாக ராணி கிடைக்கிறது.

கேள்வி (வெள்ளவத்தை):
மிக்க நன்றி ஐயா. ராஜா ஜி6க்கு வந்தால்?

பதில் (தெகிவளை):
பொறுமை வேண்டியது அங்கேதான், ஏனெனில் உடனடி செக்மேட் இல்லை. ராணியை ஜி4க்குக் கொண்டுவாருங்கள்; குதிரை இ6ஐ வெட்டித் திறக்கும் செக்கில் கறுப்பு ராணியைப் பறிப்பதே மிரட்டல். சி6 குதிரை இ5ஐ வெட்டி உங்கள் ராணியைத் தாக்கினால் மட்டும் அவசரப்படாமல் முதலில் டி4 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்டுங்கள். உடனே இ6ஐ வெட்டினால், செக் கொடுக்கும் ராணியையே அந்தக் குதிரை கொண்டுபோய்விடும்.