வீட்டுச் சாமான் இன்சூரன்ஸ்ல லீகல் கவர் சேர்க்கலாமா? பட்டவங்க சொல்லுங்க

ரினியூவல் வந்திருக்கு. கீழ குட்டியா ஒரு பெட்டி, லீகல் கவர் (தகராறுன்னு வந்தா வக்கீல் செலவப் பார்த்துக்குற கவர்) வேணுமான்னு. வருஷா வருஷம் கண்டுக்காம தாண்டிப் போயிடுவேன், இந்தத் தடவை கை நின்னுடுச்சு. நிஜமா கிளெய்ம் பண்ணவங்க யாராவது இருக்கீங்களா? ஏஜென்ட் கதை வேணாம்.

*

நான் பண்ணிருக்கேன். மேல் ஃப்ளாட்ல வாஷிங் மெஷின் ஹோஸ் பிச்சுக்கிட்டு ராத்திரி பூரா தண்ணி, காலைல பார்த்தா மெத்தை, கார்ப்பெட், புக் ஷெல்ஃப்ல அடித்தட்டு எல்லாம் ஊறிப்போய் கெடக்கு. சாமானுக்கு இன்சூரன்ஸ்ல பணம் வந்துடுச்சு, அதுல குறை இல்ல. ஆனா எக்ஸெஸ்னு நம்ம கையவிட்டுப் போற பங்கு, லீவு போட்டதுல போன சம்பளம், இதெல்லாம் மேல் வீட்டுக்காரர்கிட்டதான கேக்கணும், அவரு என் தப்பு இல்லன்னு கதவச் சாத்திட்டாரு. இந்த மாதிரி எதிராளிகிட்ட கேட்டு வாங்குறதுக்கு ஆகுற வக்கீல் செலவுக்குத்தான் லீகல் கவர், சாமானுக்கு இல்ல, நெறைய பேர் இதக் குழப்பிக்கிறாங்க.

நான் பண்ண கூத்து என்னன்னா, ஆத்திரத்துல நேரா ஒரு தெரிஞ்ச வக்கீல்கிட்ட போய் நோட்டீஸ் விட்டுட்டேன். அப்புறமா இன்சூரன்ஸுக்கு போன் போட்டா அந்தம்மா கேட்ட மொத கேள்வியே "எங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி ஏதாவது செலவு பண்ணிட்டீங்களா சார்?" போச்சு, அந்த ஃபீஸ் என் கைக்காசு. அவங்க சரின்னு சொல்லாம ஆன செலவு கவர்ல வராது. அப்புறம் அவங்க பேனல்ல, அதாவது அவங்க லிஸ்ட்ல இருக்குற வக்கீல் ஃபைலப் பார்த்து ஜெயிக்க பாதிக்கு மேல சான்ஸ் இருக்கான்னு சொல்லணும், 51 சதவீதம்னு பேசிக்குவாங்க, அதுக்குக் கீழன்னா கேஸே எடுக்க மாட்டாங்க. எனக்குக் கைகொடுத்தது அன்னைக்கு வந்த பிளம்பர் எடுத்த ஒரு போட்டோ, ஹோஸ்ல பழைய ஒழுகலுக்குக் கறுப்பு டேப் சுத்தி வெச்சிருந்தது அதுல பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஒழுகுறது தெரிஞ்சும் மாத்தலன்னு ஆயிடுச்சுல்ல.

அஞ்சு மாசம் இழுத்து, மேல் வீட்டுக்காரர் தரப்புல முக்கால்வாசி தர்றோம்னாங்க. எனக்கு முழுசா வேணும்னு வீம்பு. நியாயமான தொகைய வேணாம்னு சொன்னா இதுக்கு மேல செலவ இன்சூரன்ஸ் கம்பெனி ஏத்துக்காதுன்னு வக்கீல் சொன்னதும் வாய மூடிட்டு வாங்கிட்டேன்.

*

எனக்கு நேர்மாறு. ஆபீஸ்ல மெமோ குடுத்து ஓரங்கட்ட ஆரம்பிச்சாங்க, நெறைய பாலிசில வேலைத் தகராறும் கவர் ஆகும்னு யாரோ சொல்ல ஓடிப்போய் எடுத்தேன். வேலை போனப்புறம் கிளெய்ம் போட்டா, வேலை போன தேதிய விட்டுட்டு மொத மெமோ என்னைக்கு வந்துச்சுன்னு கேக்குறாங்க. பாலிசி எடுக்க 9 நாள் முன்னாடி. தகராறு ஆரம்பிச்ச நாள்தான் கணக்காம், அது போதாதுன்னு என் பாலிசில வேலை சம்பந்தப்பட்டதுக்கு மொத 90 நாள் கெடையாதுன்னும் இருந்துச்சு. தாகம் எடுத்தப்புறம் கெணறு வெட்டின கதைதான்.

*

டிக் பண்றதுக்கு முன்னாடி ஏற்கனவே வேற எங்கயாவது இருக்கான்னு பாருங்க. எனக்கு யூனியன் மெம்பர்ஷிப்ல ஒண்ணு, மாசாமாசம் காசு கட்டுற பேங்க் அக்கவுன்ட்ல ஒண்ணு, இது மூணாவது, தெரியாமலே ரெண்டு வருஷம் கட்டிருக்கேன். கேஸ்னு எதுவும் வரல. ஆனா இந்தக் கவரோட வர்ற சட்ட ஹெல்ப்லைனுக்கு நாலஞ்சு தடவை பேசிருக்கேன், ஓடாத ஃப்ரிட்ஜ திருப்பி எடுக்க மாட்டேன்ன கடைக்கு லெட்டர்ல எந்த வார்த்தை போடணும்னு வரைக்கும் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு அதுக்கே சரியாப் போச்சு.

*

அண்ணன் தம்பி சொத்துச் சண்டைக்கு ஆகுமா? சும்மா கேட்டேன் 😄

*

குடும்பத் தகராறு, டைவர்ஸ், கிரிமினல் எல்லாம் பெரும்பாலும் வெளிய தள்ளிடுவாங்க. ஒரே பாலிசில இருக்குற ரெண்டு பேர் மோதிக்கிட்டாலும் கெடையாது.

*

எல்லாருக்கும் நன்றி. உக்காந்து படிச்சேன், என் யூனியன் கவர்ல வேலை விஷயம் மட்டும்தான் இருக்கு, பக்கத்து வீட்டு வம்பெல்லாம் இல்ல. அதனால டிக் பண்ணிட்டேன், ஹெல்ப்லைன் நம்பரையும் போன்ல போட்டாச்சு. இத டைப் பண்ணும்போதே மேல் வீட்ல வாஷிங் மெஷின் ஓடுற சத்தம் கேக்குது.