ஒரே மசாலாப் பெட்டி, மூன்று அச்சில் மூன்று நிறம்: என்ன செய்யலாம்?

மசாலாக்கடை:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகில் மசாலாப் பொடிகளை அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கும் சிறு குடும்ப வணிகம் எங்களுடையது. பெட்டியின் செம்மஞ்சள் நிறம்தான் எங்கள் அடையாளம். முதல் முறை அடித்த 5,000 பெட்டிகள் நன்றாக வந்தன. இரண்டாம் முறை சற்று வெளிறின. தீபாவளிக்காக இப்போது அடித்தவை செங்கல் நிறத்துக்கே போய்விட்டன. மூன்றையும் தட்டில் அடுத்தடுத்து வைத்தால், இது பழைய சரக்கா, போலியா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அச்சகத்தாரோ, "நீங்கள் கொடுத்த பழைய பெட்டியைப் பார்த்துத்தானே அடித்தோம்" என்கிறார்கள். விந்தை என்னவென்றால், அவர்களுடைய அலுவலக விளக்கில் எனக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கடைக்கு வந்து வாசலில் உள்ள ஐந்தடிப் பாதையில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அடுத்த முறை அவர்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ஆஃப்செட்காரர்:
வணக்கம். பழைய பெட்டியை மாதிரியாகக் கொடுத்ததே முதல் பிழை. மாதங்களாகக் கடை வெளிச்சத்தில் நின்ற பெட்டியில் மஞ்சள் மையும் மெஜெண்டா என்ற இளஞ்சிவப்பு மையும்தான் முதலில் மங்கும். உங்கள் செம்மஞ்சளோ அவ்விரண்டாலும் ஆனது. மங்கியதைப் பார்த்து அடித்ததை அடுத்த முறை மாதிரியாக்கினால், நிறம் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் விலகிப் போகும்.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த விளக்குச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொன்றில் பிரியும் இரு நிறங்கள் பெரும்பாலும் வெவ்வேறு நிறமிகளால் ஆனவை; இதை மெட்டாமெரிசம் என்பார்கள். முதல் முறை தனியாகக் கலந்த ஸ்பாட் மையிலும், இம்முறை சயான் (நீலம்), மெஜெண்டா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு வண்ண மையிலும் அடித்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றை வைத்து இரண்டு பெட்டிகளையும் பாருங்கள். ஸ்பாட் மை வழவழவென்று ஒரே பூச்சாக இருக்கும். நான்கு வண்ண அச்சில் புள்ளிகள் தெரியும். எப்படி இருந்தாலும், இனி பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் விளக்குள்ள பார்வைப் பெட்டியில் வைத்து மட்டுமே ஒப்புதல் கொடுங்கள்.

பெட்டி வடிவமைப்பாளர்:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒவ்வொரு மை நிறத்துக்கும் எண் தரும் பேண்டோன் அட்டவணையின் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. ஒரே மை பூச்சுத்தாளில் ஒரு நிறமாகவும் பூச்சில்லாத் தாளில் வேறொரு நிறமாகவும் தெரியும். மேலே மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் படலம்) போட்டால் இன்னும் மங்கும். ஆகவே உங்கள் அட்டையிலேயே அடித்து, மை நன்றாகக் காய்ந்து, லேமினேஷனும் முடிந்த தாளைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும். அதைக் கருவியால் அளந்து, நிற வேறுபாட்டைக் காட்டும் டெல்டா ஈ என்ற எண் 2-க்குள் இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆஃப்செட் அச்சுக்கான உலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 12647-2 நான்கு அடிப்படை மைகளுக்கு 5 வரை இடம் தருகிறது. அடையாள நிறத்துக்கு அது மிகவும் தாராளம் என்பது என் கருத்து. டெல்டா ஈ கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் உண்டு என்பதால், எந்தச் சூத்திரம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

மசாலாக்கடை:
எதிர்வீட்டு நகைக்கடைக்காரரிடம் லூப் வாங்கிப் பார்த்தேன். முதல் பெட்டியில் ஒரே பூச்சு. மூன்றாவதில் மஞ்சள் தளத்தின்மேல் கடுகு சிந்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள்! ஸ்பாட் மைக்கு அச்சகத்தார் கூடுதல் பணம் கேட்பார்களோ?

ஆஃப்செட்காரர்:
நான்கு வண்ண இயந்திரத்தில் ஐந்தாவது மை வேண்டுமென்றால் தாளை இரண்டாம் முறை ஓட்ட வேண்டும், அதற்குக் கூலி உண்டு. ஆனால் பெட்டியில் புகைப்படம் இல்லையென்றால் நான்கு வண்ணமே தேவையில்லை. செம்மஞ்சளும் கருப்பும் போதும், இரண்டே பிளேட்டில் (அச்சுத் தகட்டில்) முடிந்துவிடும். மை கலந்த விகிதத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதல் தாளோடு, ஏற்கக்கூடிய மிக வெளிறிய தாள் ஒன்று, மிக அடர்ந்த தாள் ஒன்று என மூன்றிலும் கையெழுத்திட்டு, வெளிச்சம் படாத உறையில் வைத்திருங்கள்.

மசாலாக்கடை:
மிக்க நன்றி ஐயா. பின்பக்கத்தில் ஒரேயொரு மிளகாய்ப் புகைப்படம் இருக்கிறது. அதைக் கோட்டோவியமாக மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.