வீட்டுப் பிரசவம்: உடனிருந்தவர்கள் சொல்கிறார்கள்

மருத்துவச்சி ஒருவர்:

வீடு தேடிப் போய்ப் பிரசவம் பார்ப்பதுதான் என் தொழில். விசாரிப்பவர்கள் எல்லோரும் பிள்ளை வெளியே வரும் நேரத்தைப் பற்றியே கேட்கிறார்கள்; என் பொழுது பெரும்பாலும் போவது அதற்கு முன்னும் பின்னும்தான். காலையில் கர்ப்பிணிகளின் வீடுகள். ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதித்து, வயிற்றைத் தடவிப் பிள்ளையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். மதியத்துக்கு மேல் பிள்ளை பெற்றவர்களின் வீடுகள். இரவில் போன் தலைமாட்டிலும் பை வாசலருகிலும் இருக்கும்.

கேட்கிற எல்லோருக்கும் வீட்டில் பார்த்துவிட மாட்டேன். இரட்டைப் பிள்ளை, தலை மேலே இருக்கும் பிள்ளை, முன்பே சிசேரியன் ஆனவர், நஞ்சுக்கொடி கீழே அமைந்து கர்ப்பப்பை வாயை மறைத்திருப்பவர், ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டவர், 37 வாரம் நிறையும் முன்பே வலி கண்டவர்: இவர்களுக்கு மருத்துவமனைதான். "எனக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டில்தான் பிறந்தன, மருமகளுக்கு மட்டும் என்ன வந்தது?" என்று ஒரு மாமியார் சண்டைக்கே வந்துவிட்டார். மருமகளின் கையில் பட்டையைக் கட்டி, எண்ணை அவரையே வாசிக்கச் சொன்னேன். 150/100. சற்று ஓய்வு கொடுத்து மறுபடியும் கட்டினேன், இறங்கவில்லை. அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. துணிமணிகளை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்.

வலி கண்ட வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் குழந்தைக்கான மூச்சுப் பையைத்தான் வெளியே எடுப்பேன். அதன் முகமூடியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பையை அமுக்கினால், காற்று ஓரங்களில் கசியாமல் கையில் முட்ட வேண்டும். பிறந்த பிள்ளை துடைத்துவிட்ட பிறகும் மூச்சு விடவில்லை என்றால், முதல் நிமிடத்துக்குள் இதை வைத்துக் காற்றைச் செலுத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் பைக்குள் கையை விட்டுத் துழாவ முடியாது. பெரும்பாலான வீடுகளில் இதற்கு வேலையே வருவதில்லை. இருந்தாலும் இதைப் பொருத்திப் பார்க்காமல் வேறெதையும் தொட மாட்டேன்.

பிறகு காத்திருப்பு. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி அடங்கியதும், ஒரு முழு நிமிடம் பிள்ளையின் இதயத் துடிப்பை எண்ணுவேன். முக்கத் தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. 110-க்கும் 160-க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. துடிப்பை ஒலியாகக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவி இருந்தாலும், 1895-இல் பிரெஞ்சு மருத்துவர் அடோல்ஃப் பினார் உருவாக்கிய, வயிற்றில் வைத்துக் காதால் கேட்கும் கொம்புக் குழலையும் விடாமல் வைத்திருக்கிறேன். அதற்கு பேட்டரி தேவையில்லை. தாயின் துடிப்பையே பிள்ளையுடையது என்று எண்ணிவிடும் அபாயமும் அதில் குறைவு. எதைப் பயன்படுத்தினாலும் தாயின் மணிக்கட்டில் ஒரு விரல் இருக்கும்.

பார்ப்பவர்களுக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். இரண்டாவது பிரசவத்துக்கு வலி கண்ட ஒரு பெண் அலமாரியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். "ஏதாவது செய்யுங்களேன், சிஸ்டர்" என்றார் அவளுடைய அம்மா. "செய்துகொண்டுதான் இருக்கிறேன் அம்மா" என்றேன். அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை வாயால் ஊதி ஊதி விட்ட மூச்சு ஒரு கட்டத்தில் தொண்டைக்குள் நின்றது. அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. முழங்கால்கள் தாமாக மடங்கின. முக்கு என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துணியை விரித்துக் கீழே கையை வைத்தேன். நின்ற நிலையிலேயே பெற்றாள்.

தலைப்பிரசவத்துக்கு வீட்டைத் தேர்ந்தெடுத்த ஒரு தாய்:

எனக்குப் பிரசவம் முடிந்தது மருத்துவமனையில். மருத்துவச்சி அக்கா ஏழாம் மாதமே இதற்கு என்னைத் தயார்படுத்தியிருந்தார். 2011-இல் இங்கிலாந்தில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றைக் காட்டினார். வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் 100-க்கு 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. முன்பே பெற்றவர்களில் 12 பேரை. தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொண்டால் குழந்தைக்கு ஆபத்து சற்றுக் கூடுதல் என்று அதே ஆய்வு சொன்னதையும் அவர் மறைக்கவில்லை. யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

வலி நன்றாகப் பிடித்த பிறகு பனிக்குடம் உடைந்தது. அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தண்ணீர் பச்சையாக வருகிறது கண்ணு. பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. இப்போதே கிளம்புவோம்." குரல் உயரவில்லை, பதற்றம் இல்லை. எனக்கு அழுகை பொங்கியது. எத்தனை ஆசையாக அந்த அறையை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்! அவர் மருத்துவமனைக்குப் போன் செய்து எத்தனையாவது பிரசவம், எத்தனை வாரம், துடிப்பு எவ்வளவு, தண்ணீர் என்ன நிறம் என்று சுருக்கமாகச் சொன்னார். வண்டியிலும் துடிப்பை எண்ணிக்கொண்டே வந்தார். நேரம் போட்டு எழுதிய தாளை அங்கே நர்ஸின் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கத்திலேயே நின்றார். மகள் சுகமாகப் பிறந்தாள். அடுத்த பிரசவத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவேன்.

மருத்துவச்சிப் பயிற்சியில் இருப்பவர்:

நான் கண்டது, பிள்ளை பிறந்த பிறகு நடந்தது. குழந்தை அழுதது, தாயின் மார்பில் கிடத்தியாயிற்று, கொடித் துடிப்பு நின்ற பிறகு வெட்டியாயிற்று, நஞ்சும் விழுந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் ஆசிரியை மட்டும் தாயின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "தொட்டுப் பார்" என்றார். தொப்புளுக்குக் கீழே கெட்டியாக இருக்க வேண்டிய கர்ப்பப்பை பிசைந்த மாவு போலத் தொளதொளவென்று கிடந்தது. கீழே போட்ட துணி நனைந்துகொண்டே இருந்தது.

வயிற்றின் மேல் கையை வைத்துக் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்த்தபடியே அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன்: தொடையில் கர்ப்பப்பையை இறுகச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட், சிறுநீர்ப்பையைக் காலிசெய்யக் குழாய். கணவரிடம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னார். கர்ப்பப்பை மெல்ல இறுகியது, போக்கு குறைந்தது. பிறகு நஞ்சைத் தட்டில் விரித்து, ஒரு துண்டாவது உள்ளே தங்கியிருக்குமோ என்று மடல் மடலாகப் பொருத்திப் பார்த்தார். நனைந்த துணிகளையெல்லாம் நிறுத்தோம். உலர்ந்த துணியின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி ரத்தம். கண்ணால் பார்த்து நான் 300 என்றிருப்பேன். தராசு 700 காட்டியது. 500-ஐத் தாண்டினாலே அது அதிக உதிரப்போக்கு. வண்டி வருவதற்குள் நின்றுவிட்டதே என்று வீட்டார் தயங்கினார்கள். ஆசிரியை கேட்கவில்லை, தாயையும் சேயையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

மீண்டும் அந்த மருத்துவச்சி:

அந்த ஆசிரியை செய்ததுதான் சரி. ரத்தம் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிட ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவே கூடாது.

பிரசவத்துக்குப் பின் நான் பார்க்கப் போகும் நாட்களைப் பற்றியும் கொஞ்சம். மூன்றாம் நாள் வாக்கில் மார்பு கட்டும், காரணமே தெரியாமல் அழுகை வரும். அன்று தராசை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தாயிடம்தான் உட்காருவேன். குழந்தையின் எடை முதல் சில நாட்களில் கொஞ்சம் குறைவது இயல்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் விட மாட்டேன். பிறந்த 24 மணி நேரத்துக்குள் உடம்பில் மஞ்சள் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவச்சியைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்கலாம் என்று பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தெந்த நிலையில் மருத்துவமனைக்குக் கிளம்பச் சொல்வீர்கள், உங்களோடு இரண்டாவதாக வருபவர் யார், பிறந்த பிள்ளைக்கு மூச்சு கொடுக்கக் கடைசியாக எப்போது பயிற்சி எடுத்தீர்கள், ஆக்சிடோசினைக் குளிர்ச்சியாக எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்று கேளுங்கள். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இரவில் எவ்வளவு நேரமாகும் என்பதை நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.