பிரஷருக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி (கனிமொழி_ஆர்)
அப்பாவுக்கு 38 வயதில் பிரஷர் வந்தது. பெரியப்பா பக்கவாதத்தில் போய்விட்டார். இப்போது தம்பிக்கு 26 வயதுதான், அவனுக்கும் 160/100 காட்டுகிறது, எனக்குத் தூக்கமே வரவில்லை. எச்சில் அனுப்பினால் ஜீன் பார்த்துச் சொல்வதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். எனக்கும் வருமா என்று அதில் தெரிந்துவிடுமா?

மாடித்தோட்டம்
பொதுவான பிரஷருக்கு அப்படி ஒரு ஜீன் கிடையாதுங்க. 2007-இல் பிரிட்டனில் 7 நோய்களை எடுத்து, நோய்க்குச் சுமார் 2,000 பேர் என்று மரபணுவை அலசினார்கள். மற்ற ஆறிலும் ஏதாவது சிக்கியது, பிரஷரில் மட்டும் உறுதியாக ஒன்றும் சிக்கவில்லை. 2018-இல் 10 லட்சம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த பிறகுதான் மரபணுவில் பிரஷரோடு தொடர்புள்ள இடங்கள் மொத்தம் 900 வரை தெரிந்தன. அதில் ஒவ்வொன்றும் பிரஷரை ஏற்றுவது பெரும்பாலும் 1 பாயின்ட்கூட இல்லை. அந்த 10 லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளி வேறு, நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அந்தக் காசுக்கு வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வையுங்கள்.

நெஃப்ரோ_வார்டு
மேலே சொன்னது சரி, ஆனால் 26 வயதில் 160 என்பதை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அரிதாக ஒரே ஜீன் கோளாறால் வரும் பிரஷரும் உண்டு. லிடில் சிண்ட்ரோம் என்று 1963-இல் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தில் கண்டுபிடித்தார்கள், 1994-இல் அதன் ஜீனும் கிடைத்தது. சிறுநீரகத்தில் சோடியத்தை உள்ளே இழுக்கும் வாசல் மூடாமலே இருப்பதால் உப்பு உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியே போய்விடும். முதல் நோயாளிக்குப் பிற்பாடு சிறுநீரகம் மாற்றி வைத்ததும் அந்தக் கோளாறே போய்விட்டது! தம்பிக்குப் பொட்டாசியம் பார்த்தீர்களா?

கனிமொழி_ஆர்
இப்போதுதான் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், 3.1 என்று இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லையே.

நெஃப்ரோ_வார்டு
அது குறைவு, 3.5-க்கு மேல் இருக்கணும். பிரஷருக்குச் சாப்பிடும் சில நீர் மாத்திரையாலும் குறையும், அதனால் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சிறுநீரக டாக்டரைப் பாருங்கள். உடம்பில் உப்பையும் பிரஷரையும் கட்டுப்படுத்தும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டும் ரத்தத்தில் பார்க்கணுமா என்று கேளுங்கள். லிடில் என்றால் இரண்டுமே குறைவாக இருக்கும், அமிலோரைடு என்ற பழைய மாத்திரையே கேட்கும். ஜீன் டெஸ்ட் அதற்கு அப்புறம், அதுவும் முதலில் தம்பிக்கு. அவனுக்கு உறுதியானால் அந்த ஒரே இடத்தை உங்களுக்கும் பார்க்கலாம். டெஸ்டுக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கனிமொழி_ஆர்
சரிங்க, வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.