பாலைவன கோல்ஃப் மைதானம்: கிரீனில் பந்து துள்ளுகிறது, மணல்மேடுகளும் இயல்பாக இல்லை

கேள்வி (அல்சூர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். தார்ப் பாலைவனத்தில் இருப்பதாகக் கற்பனை செய்த 18 குழி கோல்ஃப் மைதானம் ஒன்றை, ஒரு கணினி விளையாட்டுக்காக நானும் என் நண்பரும் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் உருவாக்கி வருகிறோம். கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) மெதுவாக உருளும் பந்து, கண்ணுக்குத் தெரியாத படியில் இடறியதுபோல் துள்ளித் திசைமாறுகிறது. நிலப்பரப்பின் உயர வேறுபாடு 60 மீட்டர். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதிந்துவைக்கும் உயர வரைபடம் 8 பிட் கோப்பு. இன்னொரு குறை, எவ்வளவு மணலைச் சேர்த்தாலும் பெங்களூரு கோல்ஃப் கிளப் போன்ற பசும்புல் மைதானத்துக்கு மஞ்சள் பூசியதாகவே அது தெரிகிறது. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி (இந்திராநகர்)

பந்து துள்ளுவதற்குக் காரணம் அந்த 8 பிட் கோப்புதான். அதில் 256 உயர நிலைகளே உண்டு. 60 மீட்டரை அவற்றுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு நிலைக்கும் இடையே ஏறத்தாழ 23.5 செ.மீ. வந்துவிடுகிறது, பந்தின் விட்டமோ 42.67 மி.மீ.தான். 16 பிட்டில் 65,536 நிலைகள் கிடைப்பதால் இடைவெளி 1 மி.மீ.க்கும் கீழே இறங்கும். ஆனால் பழைய கோப்பையே 16 பிட்டாகச் சேமித்தால் படிகள் அப்படியே தங்கிவிடும். நிலப்பரப்பை வரைந்த மென்பொருளிலிருந்து புதிதாக ஏற்றுமதி செய்யுங்கள். கிரீனின் நுண்ணிய சாய்வுகளுக்கு அதுவும் போதாது என்பதால், கிரீன்களை மட்டும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் தனி மெஷ்ஷாக (வலைவடிவமாக)ச் செய்து பதிப்பதே நல்லது.

கூடவே, விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் பறக்கும் பந்து, யூனிட்டி இயக்கத்தைக் கணக்கிடும் இயல்பான 0.02 விநாடி இடைவெளியில் 1.4 மீட்டர் தாண்டிவிடும். மரத்தையோ தரையையோ ஊடுருவிப் போகாமலிருக்க, மோதல் கண்டறிதலைக் கன்டினியூவஸ் (தொடர்ச்சியானது) என்று வையுங்கள்.

மறுமொழி (மல்லேஸ்வரம்)

புல்வெளியில் மணலைச் சேர்ப்பதை விட்டு, முதலில் முழுப் பாலைவனத்தையும் அமைத்துவிட்டு, அதற்குள் புல்லைத் தீவுகளாக வெட்டி வையுங்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ள அமெரிக்காவின் அரிசோனாவில் பல மைதானங்கள் அப்படித்தான் இருக்கின்றன: டீ (முதல் அடியை அடிக்கும் இடம்), பந்து விழும் இடம், கிரீன் ஆகியவற்றில் மட்டும் புல், நடுவில் இயற்கையான வறண்ட நிலம். அந்த நிலத்தைத் தண்டனைப் பகுதியாக (ஓர் அடி அபராதத்துடன் பந்தை வெளியே எடுத்து ஆடக்கூடிய இடமாக)க் குறிக்க 2019 முதல் கோல்ஃப் விதிகளே இடமளிப்பதால், அதை பங்கராக (மணல்குழியாக)க் கணக்கிட வேண்டிய தேவை இல்லை.

மணல்மேட்டின் வடிவம் முக்கியம். காற்று வரும் பக்கம் மென்மையாக 10 முதல் 15 பாகை வரை ஏற வேண்டும். மறுபக்கம் மணல் சரிந்து நிற்கும் அளவுக்கு, ஏறத்தாழ 33 பாகைச் செங்குத்தாக இறங்க வேண்டும். இரு பக்கமும் ஒரே சாய்வாக இருந்தால் அது குவித்த மண்ணாகவே தெரியும். சகுவாரோ கள்ளியைத் தயவுசெய்து நடாதீர்கள், அது வட அமெரிக்காவின் சோனோரன் பாலைவனத்துக்கே உரியது. தாருக்கு வன்னி மரமும் எருக்கும் பொருந்தும்.

கேள்வி கேட்டவர்

16 பிட் கோப்பு ஏற்றியதும் துள்ளல் பெருமளவு குறைந்துவிட்டது, மிக்க நன்றி. எங்கள் விளையாட்டில் காற்று குழிக்குக் குழி தற்செயலாகத் திசைமாறுகிறது. மணல்மேடுகளுக்கு அது முரணாகாதா?

மறுமொழி (மல்லேஸ்வரம்)

முரண்தான். தாரில் கோடையில் தென்மேற்குக் காற்றே ஓங்கி வீசும், ஆகவே செங்குத்துப் பக்கங்களை வடகிழக்கு நோக்கித் திருப்பி, காற்றை அந்தத் திசையைச் சுற்றிச் சிறிதளவு மட்டும் மாறவிடுங்கள். அப்போது திரையில் அம்புக்குறி இல்லாமலே, மேட்டைப் பார்த்துக் காற்றைக் கணித்து ஆட்டக்காரரால் அடிக்க முடியும்.