கைவேலைப் பெட்டி பையனுக்கு, கைவேலை எனக்கு

நொய்யல்கரை (திருப்பூர்):

பையனுக்கு நான்கு வயதும் இரண்டு மாதமும். பள்ளி விட்டு ஒரு மணிக்கு வீட்டுக்குள் கால் வைத்ததும் கைப்பேசியைக் கேட்கிறான். அதை மறக்கடிக்கத்தான் மாதாமாதம் கூரியரில் வரும் கைவேலைப் பெட்டிக்கு மூன்று மாதப் பணமாக 2,400 ரூபாய் கட்டினேன்.

பெட்டியைப் பிரிக்கிற உற்சாகம் ஐந்து நிமிடம். போன மாதம் வந்தது சிங்க முகமூடி. பிடரிக்கு மஞ்சள் தாளைப் பட்டை பட்டையாக வெட்ட வேண்டும். இவன் வெட்டினால் தாள் வெட்டுப்படாமல், கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொள்கிறது. மூன்று முறை முயன்றான். கத்தரியை விட்டெறிந்தான். காலிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து பஸ் ஓட்டப் போய்விட்டான். சாப்பிட்ட பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு 24 பட்டைகளையும் வெட்டி ஒட்டியது நான். அதைப் படம் பிடித்து வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பதினோரு பேர் தம்பியைப் பாராட்டினார்கள்.

வகுப்பில் மற்றப் பிள்ளைகள் நேர்க்கோட்டில் வெட்டுகிறார்களாம். இவன் விரலில் வலு போதவில்லையா? மூன்றாவது பெட்டியைப் பிரிக்காமலே பீரோ மேல் வைத்திருக்கிறேன்.

மழலைவகுப்பு டீச்சர்:

வலுவைப் பற்றிக் கவலைப்படும் முன் ஒன்று செய்யுங்கள். பெட்டி மேல் அச்சடித்திருக்கிற அந்த அழகான சிங்கத்தை ஒளித்துவையுங்கள். அந்தப் படம் உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறது. அதைப் போலவே வர வேண்டும் என்று தோன்றிய நொடியில் கத்தரி அம்மா கைக்குப் போய்விடும். பொருட்களை மட்டும் ஒரு தட்டில் வையுங்கள், அதிலும் பாதியை.

வெட்டுவதற்குச் சப்பாத்தி மாவைப் பாம்பாக உருட்டிக் கொடுங்கள். அடுத்து, ஒரு விரல் அகலத்துக்குத் தாளைக் கிழித்துக் கொடுங்கள், ஒரே வெட்டில் துண்டாகும். கோட்டின் மேல் வெட்டுவது அதற்கெல்லாம் பிறகு. என் வகுப்பில் இந்த வயதில் கத்தரியையே தொடாத பிள்ளைகளும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் வருகிற படங்களை நம்பாதீர்கள். நீங்கள் போட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரட்டையர் அப்பா:

திருப்பூரில் இருந்துகொண்டு கைவேலைக்கு 2,400 ரூபாயா? நூல் கோன் அட்டை நான்கு கிடைத்தால் ராக்கெட், தொப்பி, ஒலிபெருக்கி. பனியன் கம்பெனி வேஸ்ட் துணி ஒரு பை போதும், சிங்கத்துக்குப் பிடரியும் வாலும் ஆயிற்று.

எங்கள் வீட்டில் அதிக நாள் ஓடியது மஞ்சள் தாள். வெள்ளைத் தாளில் மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரைப் பூசிக் காயவைத்தோம். துணி சோப்பைக் கரைத்து, அதில் குச்சியைத் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாக விழும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சிவக்கிற அதே சங்கதிதான்.

பெட்டியில் விளக்கு எரிகிற சாமான் ஏதாவது வந்திருந்தால் பட்டன் பேட்டரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருகாணி போட்டு மூடியிருக்காவிட்டால் அதைத் தூக்கிப் பரணில் வையுங்கள். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதையும் பாருங்கள்.

இடக்கைத் தையல்காரன்:

அம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். பையன் எந்தக் கையால் வெட்டுகிறான்?

நொய்யல்கரை:

இடக்கை, அண்ணா. க்ரையான், கரண்டி எல்லாமே இடக்கைதான். அத்தைக்குப் பிடிக்காது. கத்தரியை நான் வலக்கைக்கு மாற்றி வைப்பேன், அடுத்த நிமிடம் அது இடக்கைக்குப் போய்விடும். இதைக் கேள்வியிலேயே எழுதியிருக்க வேண்டுமோ?

இடக்கைத் தையல்காரன்:

கேள்வியே அதுதான்.

26 வருடமாகத் துணி வெட்டுகிறவன் சொல்கிறேன். தாள் மடங்குகிறது என்று நீங்கள் எழுதியதுமே சந்தேகப்பட்டேன். சாதாரணக் கத்தரி வலக்கைக்கென்று செய்தது. வலப்பக்க அலகு மேலே இருக்கும். வலக்கையால் அமுக்கும்போது கட்டைவிரல் வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். அந்த அழுத்தத்தில்தான் இரண்டு அலகும் உரசிக்கொண்டு மூடுகின்றன. அதே அமுக்கலை இடக்கை கொடுத்தால் அலகுகள் விலகுகின்றன. நடுவில் சந்து விழுகிறது, தாள் அதற்குள் மடிகிறது. போதாததற்கு மேல் அலகு கோட்டை மறைக்கிறது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதற்குச் சமம். பள்ளியில் என் கைவேலை நோட்டில் டீச்சர் போட்ட சிவப்பு மை இன்னும் நினைவிருக்கிறது.

இடக்கைக் கத்தரி என்றே தனியாக உண்டு. அதில் மேல் அலகு இடப்பக்கம். கடையில் “இரண்டு கைக்கும் ஆகும்” என்று ஒன்றைக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். பெரும்பாலும் பிடி மட்டும்தான் பொதுவாக இருக்கும், அலகு வலக்கை அலகாகவே இருக்கும். வட்டம் வெட்டச் சொன்னால் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக வெட்டட்டும். நாம் எதிர்ப்பக்கமாகக் காட்டிக்கொடுப்போம், அதுவும் தப்பு.

கையை மட்டும் மாற்றாதீர்கள், அம்மா.

நொய்யல்கரை (ஒன்பது நாள் கழித்து):

மூன்று ஸ்டேஷனரிக் கடையில் கேட்டேன். இரண்டில் சிரித்தார்கள். மூன்றாவதில், அண்ணன் சொன்னபடியே, “ரெண்டு கைக்கும் ஆகும்” ஒன்றை நீட்டினார்கள். கடைசியில் இணையத்தில்தான் கிடைத்தது, 180 ரூபாய்.

நேற்று மதியம் வந்தது. வாங்கியதும் அவன் முதலில் வெட்டியது மூன்றாவது பெட்டியின் செய்முறைத் தாளை. ‘சரக்’ என்று ஒரு சத்தம். கத்தரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி வெட்டினான். பிறகு கேஸ் பில். பிறகு நான் பார்க்காத நேரத்தில் தலையணை உறையின் ஓரம்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பால் கணக்கு எழுதக் கிழித்துச் சேர்த்துவைத்திருந்த தினசரி நாட்காட்டித் தாள்களை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார். “சாப்பிட மட்டும் சோத்துக் கை” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். இப்போதைக்கு அதுவே போதும்.

டீச்சரம்மா, படத்தை ஒளித்துவிட்டேன். மூன்றாவது பெட்டியில் யானையோ என்னவோ செய்ய வேண்டுமாம். அதன் தாளெல்லாம் பஸ் டிக்கெட்டாகிவிட்டது. பல்லடம் போக எனக்கு மட்டும் பதினாறு டிக்கெட் கொடுத்திருக்கிறான். சில்லறை இல்லையென்றால் இறக்கிவிடுகிறான்.