திருவாசகம் ஓதுதல்: பொருளை அறிந்த பிறகா, ஓதிக்கொண்டேயா?

ஏற்காடுவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலிக் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். மாலையில் வீடு திரும்பி விளக்கேற்றியதும் திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணம் ஓதுவது வழக்கம். 95 அடிகளும் மனப்பாடமாகிவிட்டதால் நாக்கு தானாக ஓடுகிறது. 'புல்லாகிப் பூடாய்' என்னும் இடத்துக்கு வரும்போதே மனம் மறுநாள் பட்டுவாடாவுக்குப் போய்விடுகிறது. பொருள் உணர்ந்து சொல்லுவோரே சிவபுரம் சேர்வர் என்று அந்தப் பாட்டே சொல்லி முடிக்கும்போது, கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பதால் பயன் உண்டா? உரை முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் ஓத வேண்டுமா? வரும் மார்கழியிலிருந்து திருவாசகம் முழுவதையும் முறையாக ஓத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம் என்று பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

அம்மாபேட்டை அடியேன்:

சிவசிவ. அம்மா, கிளிப்பிள்ளை என்று இவ்வளவு இளக்காரமாகச் சொல்லலாமா? நம் சேலத்துச் சுகவனேசுவரர் கோயிலின் தலபுராணமே, சுக முனிவர் கிளி வடிவில் இறைவனை வழிபட்டதைத்தானே சொல்கிறது! தாங்கள் ஓதுவதை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். திருவாசகத்துக்குப் பொருள் கேட்டவர்களிடம், தில்லைக் கூத்தனான நடராசரையே காட்டி 'இவரே பொருள்' என்று சொல்லி, அதைப் பாடிய மணிவாசகர் அவனுள் கலந்தார் என்பது நம் மரபு. உரை படித்து முடித்துத்தான் வாய் திறப்பது என்றால், திருவாசகம் முழுவதையும் சேர்ந்து ஓதும் எங்கள் முற்றோதல் கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 'திருச்சிற்றம்பலம்' சொல்லி, நிதானமாக ஓதி வாருங்கள். பொருள் தானே வந்து சேரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஐயா சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே; ஆனால் பொருள் தானே வந்து சேரும் என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. நாம் நின்று கேட்டால்தான் அது வரும், வேகமாக ஓதுபவருக்கு நிற்க நேரம் இருப்பதில்லை.

சகோதரி, முதல் அடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நமச்சிவாய வாஅழ்க நாதன்தாள் வாழ்க' என்பதே பாடம். பலரும் முதலில் வருவதையும் 'வாழ்க' என்றே குறுக்கிவிடுகிறார்கள். சிவபுராணம் வெண்பாவின் ஓசையில் நீண்டு செல்லும் கலிவெண்பாவால் ஆனது. அங்கே 'வாழ்க' என்று நின்றால் ஈரசை கொண்ட மாச்சீரை அடுத்து நேரசை வந்து, சீர்களை இணைக்கும் வெண்பாவின் தளை தட்டும். 'வாஅழ்க' என்று ஓசை நீண்டு அளபெடுத்தால் அது மூவசை கொண்ட காய்ச்சீராகித் தளை பொருந்துகிறது. அந்த ஓரெழுத்தை அதற்குரிய மாத்திரையோடு நீட்டி ஓதிப் பாருங்கள். ஓட்டம் அங்கேயே அடங்கும், மனமும் கூடவே நிற்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தமுள்ள 51 பகுதிகளையும் வரிசைப்படி எடுத்தால், சிவபுராணத்தை அடுத்துக் கீர்த்தித் திருவகவல், திருவண்டப்பகுதி, போற்றித் திருவகவல் என அகவல் என்னும் பாவகையில் மூன்று நீண்ட பாடல்கள் வரும். கீர்த்தித் திருவகவலில் ஊர்ப்பெயர்களும் திருவிளையாடல்களும் அடுத்தடுத்து வருவதால், கதை தெரியாதவர் அங்கேயே சோர்ந்துபோவார். மார்கழி என்பதால் திருவெம்பாவையின் 20 பாடல்களையும் திருப்பள்ளியெழுச்சியின் 10 பாடல்களையும் முதலில் ஓதுங்கள். அடுத்துத் திருவம்மானை. அதன் எட்டாம் பாடலில், மதுரையில் மண் சுமந்து கூலி பெற்று, பாண்டியனிடம் அடியும் பட்டுப் புண்சுமந்த பொன்மேனியாகச் சிவபெருமான் வருகிறார். நாள்தோறும் கூலிக் கணக்கு எழுதுகிற உங்களுக்கு அந்தப் பாட்டுக்கு உரை அதிகம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். திருச்சதகமும் நீத்தல் விண்ணப்பமும் அந்தாதியாக அமைந்தவை. ஒரு பாட்டின் முடிவே அடுத்ததை எடுத்துக் கொடுப்பதால் மனப்பாடத்துக்கு எளியவை. அகவல்கள் கடைசியில் இருக்கட்டும்.

ஏற்காடுவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. மார்கழியில் இங்கே பழம் பறிக்கும் வேலை உச்சத்தில் இருக்கும், விடியற்காலையில் பனிமூட்டமும் அடர்ந்திருக்கும். எனவே திருவெம்பாவையையும் மாலையில் ஓதினால் குற்றமாகுமா? இன்னொன்று: என்னிடம் உள்ள நூலில் சொற்களைப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டே ஓதலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மாலையில் தாராளமாக ஓதலாம். நூலைப் பொறுத்தவரை, சந்தி பிரித்த பதிப்பைப் பொருள் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தபடியே வாய்விட்டுப் படித்தால் சீரும் தளையும் சிதையும். ஓதுவதற்குச் சந்தி பிரிக்காத மூலப் பதிப்பு ஒன்றைத் தனியே வாங்கிவிடுங்கள்.

அம்மாபேட்டை அடியேன்:

பெரிய எழுத்தில் அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள், அம்மா. விளக்கு வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் படிப்பது கண்ணுக்குச் சிரமம்.